பெரிய வீட்டின் கோழிப் போத்தல்

நல்ல வைன் என்றால் காசைக் கொட்டத்தான் வேண்டும் என்ற நினைப்பு நம்மவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. லீவுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அதை இன்னும் கெட்டிப்படுத்திவிட்டுப் போகிறார்கள். போத்தலை மேசையில் வைக்கும்போதே விலையையும் கூடவே வைப்பார்கள். அதற்குப் பிறகு யார்தான் வாய் திறந்து “எனக்குப் பிடிக்கவில்லை” என்று சொல்வது? நான் எழுதப்போவது அப்படியான போத்தல் அல்ல. இங்கிலாந்தில் பத்துப் பவுணுக்குள் கிடைக்கும் ஒரு சிவப்பு வைன். பெயர் லா வியேய் ஃபெர்ம், பழைய பண்ணை என்று அர்த்தம். செய்பவர்கள் மட்டும் சின்ன ஆட்கள் இல்லை.

லண்டனில் என் மச்சான் ஒருவன் கடை வைத்திருக்கிறான். பால், பேப்பர், சிகரெட், லொத்தர், பின்சுவர் முழுக்கக் குடிவகை. இந்த வைனின் லேபலில் ஒரு சேவலும் ஒரு பேடும் நிற்கும். அதனால் அங்கே வெள்ளைக்காரர்களே இதைக் கோழி வைன் என்றுதான் சொல்கிறார்களாம். “பேரை ஒருத்தனும் சொல்ல மாட்டான் மச்சான். வாறான், கோழி இருக்கோ எண்டு கேக்கிறான், எடுத்துக்கொண்டு போறான். வெள்ளிக்கிழமை பின்னேரம் தட்டு காலி” என்றான். ஆவணியில் மடுத் திருவிழாவை ஒட்டி ஊருக்கு வரும்போதெல்லாம் சாரத்தில் சுற்றி ஒன்றிரண்டு கொண்டுவருவான். முதலில் நான் அதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. கோழிப்படம் போட்ட போத்தலை யார் மதிப்பார்கள்? லேபலின் அடியில் சின்ன எழுத்தில் இருந்த குடும்பப் பெயரைத் தேடிப் பார்த்த பிறகுதான் விசயம் சுவாரசியமானது.

பெரான் குடும்பம். தெற்கு பிரான்சில், அவிஞோன் நகருக்கு வடக்கே கூர்தெசோன் என்ற ஊரில் அவர்களுக்கு ஷாத்தோ டு போகாஸ்தெல் என்ற தோட்டம் இருக்கிறது. 1909 இல் பியேர் திராமியே என்பவர் வாங்கியது. அவரிடமிருந்து மருமகன் பியேர் பெரானுக்குப் போய், பிறகு அவருடைய மகன் ஜாக் பெரான், ஜாக்கின் பிள்ளைகள் ஜோன்-பியேர், ஃபிரான்சுவா, இப்போது அவர்களுடைய பிள்ளைகள் என்று வழிவழியாக வந்திருக்கிறது. போகாஸ்தெல் சிவப்பு ஒரு போத்தலுக்கு அறுபது எழுபது பவுணாவது வேண்டும். மிக நல்ல வருடங்களில் மட்டும், தகப்பனின் நினைவாக, ‘ஓமாஜ் அ ஜாக் பெரான்’ என்று ஒன்று செய்கிறார்கள். 1989 அறுவடையில் தொடங்கியது. அதன் விலை நூற்றுக்கணக்கான பவுண். ஹொலிவூட்டின் பிராட் பிட்டும் அஞ்சலினா ஜோலியும் தங்கள் மிராவால் தோட்டத்து றோஸே என்ற இளஞ்சிவப்பு வைனைச் செய்யப் பிடித்ததும் இந்தக் குடும்பத்தைத்தான்.

விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் என் தொழில். அதனால் ஒரு போத்தலைக் கையில் எடுத்தால் முதலில் மண்ணைப் பற்றித்தான் கேட்பேன். போகாஸ்தெல் இருக்கும் பகுதியின் பெயர் ஷாத்தோநெஃப்-டு-பாப். போப்பாண்டவர்கள் ரோமை விட்டு அவிஞோனில் இருந்த 14ஆம் நூற்றாண்டில் இங்கே அவர்களுக்குக் கோடைகாலக் கோட்டை இருந்தது. அந்தத் தோட்டங்களின் படத்தைப் பார்த்தால் மண்ணையே காண முடியாது. உள்ளங்கை அளவிலிருந்து தேங்காய் அளவு வரை உருண்டைக் கற்கள்தான். ஆல்ப்ஸ் மலையிலிருந்து றோன் ஆறு உருட்டிக்கொண்டு வந்து போட்டவை. பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் கொடிக்கு விடும். அடியில் இருக்கும் களி, கோடையில் வேருக்கு ஈரம் வைத்திருக்கும். வடக்கே இருந்து மிஸ்த்ரால் என்ற காற்று ஆளைத் தள்ளுகிற மாதிரி அடிக்கும். அதற்காகவே கொடியைப் பந்தல் போடாமல் குட்டையான செடி மாதிரி வெட்டி வைக்கிறார்கள். காற்று இலையைக் காயவைத்துவிடுவதால் பூஞ்சண நோயும் குறைவு.

எந்த நிலம் இந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்று 1923 இல் பரோன் லு ரோவா என்ற தோட்டக்காரர் ஒரு சட்டதிட்டம் எழுதினார். அதில் எனக்குப் பிடித்தது, லவெண்டரும் தைமும் சேர்ந்து வளரும் நிலம்தான் எல்லை என்று அவர் வைத்தது. நில அளவைக்காரன் வர முந்தி செடியைப் பார்த்து நிலத்தைச் சொல்லியிருக்கிறார். பிறகு 1936 இல் அது அரச சட்டமானது. அதே ஊரில் 1954 இல் ஊர்த்தலைவர் பறக்கும் தட்டுகள் தோட்டத்தில் இறங்கக் கூடாது என்று ஒரு கட்டளை போட்டதையும் இங்கே சொல்லாவிட்டால் எனக்குப் பொறுக்காது. இன்றுவரை ஒன்றும் இறங்கவில்லையாம்.

ஜாக் பெரான் கொஞ்சம் பிடிவாதக்காரர். அந்தப் பகுதியில் அனுமதிக்கப்பட்ட 13 திராட்சை இனங்களையும் வளர்ப்பேன் என்று நின்றவர். பக்கத்துத் தோட்டங்களில் பெரும்பாலும் கிரெனாஷ்தான். இவர் மூர்வெத்ர் என்ற, பிந்திப் பழுக்கிற, கையாளக் கடினமான இனத்துக்குக் கிரெனாஷுக்குச் சமமான இடம் கொடுத்தார். 1950களிலேயே இரசாயனத்தை விட்டார். நமக்கு இங்கே யூரியா வந்து சேர்ந்த காலத்தில் அவர் அதை வேண்டாம் என்றிருக்கிறார். பழத்தின் தோலைச் சில நொடிகளில் 80 பாகை வரை சூடாக்கி உடனே குளிரவைக்கும் முறையும் அந்த வீட்டின் கைப்பழக்கம். நிறம் நன்றாக இறங்கும், கெடுக்கும் நொதியங்களும் செத்துப்போகும். இவ்வளவும் செய்து வரும் வைனில், பழைய வருடங்களில், மாட்டுப்பட்டி வாசம் அடிக்கும் என்று சிலர் குறை சொல்வார்கள். அதற்காகவே வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

சரி, மலிவுப் போத்தலுக்கு வருவோம். 1970 இல் ஜோன்-பியேர் பெரான் லா வியேய் ஃபெர்மைத் தொடங்கினார். தகப்பன் உயிரோடு இருக்கும்போதே, பெரிய தோட்டத்தின் பெயர் ஒரு பக்கம் இருக்க, அன்றாடச் சாப்பாட்டு மேசைக்கு ஒரு வைன். இதில் கவனிக்க வேண்டியது, போகாஸ்தெலில் மிஞ்சியதை ஊற்றி அவர் இதைச் செய்யவில்லை. தோட்டம் வேறு, தோட்டக்காரர் வேறு, திராட்சைக் கலவையும் வேறு: கிரெனாஷ், சிரா, கரின்யான், சான்சோ. மூர்வெத்ருக்கு இங்கே வேலையில்லை. பழங்கள் நீண்ட காலம் வோந்தூ மலையின் அடிவாரத்திலிருந்து வந்தன. சைக்கிள் ஓட்டப் போட்டி பார்க்கிறவர்களுக்கு அந்த மொட்டை உச்சி தெரிந்திருக்கும், கிட்டத்தட்ட 1,900 மீற்றர். அடிவாரச் சரிவில் பகல் வெயில் காய்ந்தாலும் இரவு குளிர்ந்துவிடும். குளிர்ந்த இரவு பழத்தின் புளிப்பைக் காப்பாற்றும். மலிவு வைனில் முதலில் காணாமல் போவது அந்தப் புளிப்புத்தான். அது போனால் மிச்சம் இருப்பது சீனிப்பாணி.

இங்கே திராட்சை வளராது என்றில்லை. யாழ்ப்பாணத்தில் இஸ்ரேல் புளூ என்ற கறுப்பு இனத்தைப் பந்தல் போட்டு வளர்க்கிறார்கள், வன்னியிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பந்தல் உண்டு. ஆனால் நமக்குக் குளிர்காலம் இல்லை, கொடி தூங்குவதே இல்லை. வெட்டிவிட்டால் உடனே துளிர்த்து வருடத்தில் இரண்டு தரம் காய்க்கும். கேட்க நல்லாயிருக்கும், ஆனால் இரவும் சூடாக இருப்பதால் பழம் இனிப்பு ஏற முந்தியே புளிப்பை எரித்துவிடும். சாப்பிடலாம், விற்கலாம். கிறிஸ்தவ வீடுகளில் நத்தாருக்குச் சீனி போட்டு முந்திரிகை வைன் வைப்பார்கள், அது இனிப்புப் பண்டத்தோடு சேர்த்தி. சாப்பாட்டு மேசைக்கான சிவப்பு இந்த மண்ணில் வராது.

நம்மிடம் இருப்பது கள். வைனை விளங்கிக்கொள்ள எனக்கு உதவியதும் அதுதான். பெரியப்பா, இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார், ஒரு காலத்தில் எந்தப் பனையின் கள் என்று ஒரு மிடறில் சொல்வார். யுத்தத்தில் பங்கருக்கென்று பனைகளைத் தறித்தார்கள். ஷெல் பட்டுத் தலை போனவை வேறு. ஒரு வடலி பனையாகிப் பாளை விட பதினைந்து இருபது வருடம் வேண்டும். அதனால் இப்போது ஊரில் ஒற்றை மரத்துக் கள்ளுக்குப் பெரியப்பாவிடம் இருப்பது போலச் செல்வாக்கு வேண்டும். மற்றவர்களுக்குத் தவறணைக் கள். சீவுகிறவர்கள் காலையில் முட்டிகளோடு சங்கத்துக்கு வருவார்கள். அங்கே நிற்கிற முகாமையாளர் ஒவ்வொன்றையும் மணந்து பார்ப்பார், சந்தேகமானதில் நாக்கை வைப்பார். புளித்துத் திரும்பியதைத் திருப்பி அனுப்பிவிடுவார். மற்றதெல்லாம் ஒரே பீப்பாய்க்குள். அந்தப் பீப்பாய்க் கள்ளில் எந்தத் தனி மரத்தின் குணமும் தெரியாது. ஆனால் முகாமையாளர் நல்லவராயிருந்தால் திங்கட்கிழமையும் சனிக்கிழமையும் ஒரே மாதிரி இருக்கும், வயிற்றைக் கலக்காது, விலை கூலிக்காரனுக்குக் கட்டும். அவர் மாறிப் போனால் ஒரே கிழமையில் ஊருக்குத் தெரிந்துவிடும். கோழி வைனும் பீப்பாய் வைன்தான். பல தோட்டக்காரர்களிடம் வாங்கிக் கலக்கிற இடத்தில் நாக்கை வைப்பவர்கள் பெரான்கள். ஒற்றைத் தோட்டத்தைத் தலைமுறையாகக் காத்தவனுக்குத்தான் எது சேராது என்று தெரியும். நாம் அந்தப் பத்துப் பவுணைக் கொடுப்பது பாதி அந்த நாக்குக்கு.

எல்லாப் பெரிய வீடும் இப்படிச் செய்வதில்லை. பிரான்சின் இன்னொரு வைன் பகுதியான போர்தோவில் பரோன் ஃபிலிப் டு ரோத்ஷில்ட் 1930 அறுவடை மோசமாகப் போனபோது, அதைத் தன் பெரிய தோட்டமான ஷாத்தோ மூத்தோன் ரோத்ஷில்டின் பெயரில் விட மனமில்லாமல், மூத்தோன் கதே என்ற பெயரில் விட்டார். நன்றாக விற்றது. பிறகு அது அந்தத் தோட்டத்தோடு சம்பந்தமில்லாமல், போர்தோ முழுக்க வாங்கிக் கலக்கிற வைனாக வளர்ந்து உலகமெங்கும் பரவியது. குறை சொல்லவில்லை, குடிக்கலாம். ஆனால் மூத்தோன் என்ற பெயரை முகத்தில் ஒட்டி வைத்திருக்கிறது, வாங்குகிறவன் அந்த எழுத்துக்கும் காசு கொடுக்கிறான். பெரான்கள் தங்கள் மலிவு வைனில் போகாஸ்தெல் என்று எழுதவில்லை. இரண்டு கோழியைக் கீறிவிட்டார்கள். எனக்கு மலிவு வைனில் பெரிய வீட்டின் யோக்கியத்தைச் சொல்லும் அளவுகோல் இதுதான்: பெயரை எடுத்துவிட்டாலும் அந்தப் போத்தல் விற்குமா? லண்டன் கடையில் பெயரே தெரியாமல் கோழி என்று கேட்டு வாங்குகிறார்கள். வேறு சான்று தேவையில்லை.

வன்னியில் இதைக் குடிப்பதற்குச் சில வசதிகள் உண்டு. முதலாவது, திருகு மூடி. தக்கை இல்லை. ஒட்டுசுட்டானில் தக்கை திருகி எங்கே தேடுவது? ஸ்க்ரூ ஆணியும் குறடும் வைத்து ஒரு கலியாண வீட்டில் ஒருவர் தக்கையோடு மல்லுக்கட்டியதைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் தக்கையை உள்ளே தள்ளிவிட்டு, தேயிலை வடியால் வடித்து ஊற்றினார். இரண்டாவது, இது குளிர்ச்சியைத் தாங்கும் சிவப்பு. சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்று எழுதி வைத்தவர்களின் அறை 17, 18 பாகை. நம் விறாந்தை ஆவணியில் 34. அந்தச் சூட்டில் எந்தச் சிவப்பும் மருந்து மாதிரி மூக்கில் ஏறும், வெறும் அற்ககோல் மணம்தான் வரும். பிரிட்ஜில் முக்கால் மணித்தியாலம் வைத்து எடுத்தால் போத்தல் வியர்க்கும், கிளாசில் ஊற்றும்போது செர்ரிப்பழ வாசமும் கொஞ்சம் மிளகு வாசமும் கிளம்பும். மிளகு சிராவின் வேலை. கரன்ட் போனால் அன்று குடிக்காமல் விடுவது நல்லது.

பெரியப்பாவுக்கு ஒருமுறை அரைக் கிளாஸ் கொடுத்தோம். மணந்தார், சப்பினார், வெளியே பார்த்தார்.

“சீனி போடேல்லையோடா?”

“இல்லைப் பெரியப்பா. இது அப்பிடித்தான்.”

“புளிப்பு நல்லாத்தான் கிடக்கு. ஆனா ஏறாது போலை.”

“பதின்மூண்டு வீதம் பெரியப்பா, கள்ளைவிட ரெண்டு மடங்குக்கு மேலை.”

“அப்ப மெல்ல ஏறும்” என்று சொல்லிக் கிளாசை நீட்டினார்.

பனஞ்சாறு நொதித்துக் கள்ளாகி, பின்னேரம் கடுத்து, அடுத்த நாள் வினாகிரிப் பக்கம் போகிற வேகத்தில் வாழ்ந்தவர் அவர். செய்து இரண்டு வருடமான ஒன்று இன்னும் கெடாமல் இருக்கிறதென்பதை அவர் கடைசிவரை நம்பவில்லை.

சாப்பாட்டோடு என்று வரும்போதுதான் இந்த வைன் என்னைப் பிடித்துக்கொண்டது. நம் கறித்தூளுக்கு முன்னால் பெரிய வைன்கள் நிற்க மாட்டா. உறைப்பை அற்ககோல் தூண்டிவிடும், துவர்ப்புக் கூடிய வைன் என்றால் நாக்கு காய்ந்து எரிச்சல் இரட்டிக்கும். விலை கூடிய போர்தோ ஒன்றை ஆட்டுக்கறியோடு குடித்துவிட்டு முகம் சிவந்து தண்ணீர் தேடியவர்களைக் கண்டிருக்கிறேன். கோழி வைனில் துவர்ப்பு குறைவு, பழச்சாறு கூட, மரப்பீப்பாய் வாசம் என்று ஒன்றும் துருத்தாது. நாட்டுக்கோழியைத் தேங்காய்ப்பால் கடைசியில் விட்டு இறக்கினால், அந்தப் பால் உறைப்பை மடக்கிவிடும், வைன் அதன்மேல் சுகமாக ஏறும். ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு அதைவிட நல்லது. கொழுப்பும் வறுத்த மிளகாய்த்தூளும் கறுவாவும் சேர்ந்த இடத்தில் சிராவின் மிளகு போய் ஒட்டிக்கொள்ளும். ஒடியல் கூழோடு மட்டும் வேண்டாம். பழப்புளியின் முன்னால் வைன் தட்டையாகிக் கழுவிய தண்ணீர் மாதிரிப் போய்விடும். கூழுக்குக் கள்தான் சரி, அதில் மறுபேச்சில்லை.

மச்சாள், மச்சானின் மனைவி, லண்டனில் வெள்ளிக்கிழமை இரவு ஒரு கிளாஸ் குடிப்பவர். இங்கே வந்தால் தேத்தண்ணிக் கோப்பையில் ஊற்றிக் குடிப்பார். வேலிக்கு மேலால் பார்க்கிறவர்களுக்குப் பிளேன்ரீ. சட்டமும் வேலிக்காரர்கள் பக்கம்தான். பெண்களுக்கு மதுபானம் விற்கக் கூடாது என்ற 1979 ஆம் ஆண்டு விதியை 2018 ஜனவரியில் நீக்கினார்கள், சில நாட்களிலேயே அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திருப்பிப் போட்டுவிட்டார். வன்னியில் குடியைப் பற்றி எழுதும்போது கசிப்பால் அழிந்த வீடுகள் கண்முன் வரத்தான் செய்யும், அதைத் தெரியாமல் நான் எழுதவில்லை. ஆனால் அரை நாள் கூலியைக் கால் போத்தலில் விடுகிறவனின் கதையும், நாலு பேர் சோற்றுக்கு முன் ஒரு போத்தலைப் பங்கிடுவதும் ஒரே கதை அல்ல. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது. கொழும்பில் இறக்குமதி வைன்களுக்கு வரியோடு கேட்கிற விலையைப் பார்த்தால் மலிவு என்ற சொல்லே கூசும். ஆகவே இப்போதைக்கு யாராவது பயணப்பையில் கொண்டுவந்தால்தான் இது மலிவு.

குறையும் சொல்ல வேண்டும். முன்பு லேபலில் வோந்தூ என்று இடத்தின் பெயர் இருந்தது. சில வருடங்களுக்கு முன் அதை எடுத்துவிட்டு பிரான்ஸ் வைன் என்று பொதுவாகப் போட்டுவிட்டார்கள். இனிப் பழம் பிரான்சில் எங்கிருந்தும் வரலாம். கேட்கிற உலகம் பெருத்துவிட்டது, ஒரு மலையடிவாரம் போதாது, நியாயம் விளங்குகிறது. ஆனால் மண்ணைக் கேட்டுப் பழகிய எனக்கு அது ஒரு இறக்கம்தான். பழைய போத்தல்களில் இருந்த கொஞ்சம் காட்டுப் பச்சிலை வாசம் இப்போது குறைந்து, வட்டமான, எல்லாருக்கும் பிடிக்கிற பழ வாசம் முன்னால் வந்திருக்கிறது. கலக்கிறவர் மாறவில்லை, பீப்பாய் பெருத்துவிட்டது. இன்னொன்று, இதைச் சேமித்து வைக்கக் கூடாது. அலுமாரிக்கு மேலே, தகரக் கூரைக்குக் கீழே ஒரு கோடை கிடந்தால் வேகவைத்த பழமாகிவிடும். வந்த மாதத்திலேயே திறந்துவிட வேண்டும்.

போன ஆவணியில் மச்சான் போகும்போது, அடுத்த முறை போகாஸ்தெலையே கொண்டுவரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அது நிலவறையில் பத்துப் பதினைந்து வருடம் கிடந்து திறக்க வேண்டிய சாமான், இங்கே நிலவறைக்கு எங்கே போவது? விமானத்தால் இறங்கி ஆறேழு மணித்தியாலம் வான் வண்டியின் பின்பக்கத்தில் வெந்துகொண்டு வந்தால் அதற்குச் செய்கிற துரோகம். கோழியிலேயே வெள்ளையும் இருக்கிறதாம், அதில் ஒன்று கொண்டுவரச் சொன்னேன். முத்தையன்கட்டுக் குளத்து விரால் பொரியலோடு வைத்துப் பார்க்க வேண்டும்.